சீமைநாயகிக்கு ஏழாம் மாதம்

பேரிக்காட்டு மலையில் வைகாசிச் சாரல் இறங்கத் தொடங்கிய ஒரு சாயங்காலம், குருவம்மாள் தன் வீட்டுத் தோட்டத்தில் நின்ற மண் அடுப்பைத் தீ அடங்கியபின் வழக்கம்போலக் கட்டிப்பிடித்துக் கன்னத்துக்குச் சூடு காட்டிக்கொண்டபோது, போன வாரம்வரை அதன் வயிற்றைச் சுற்றிவந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த தன் இரண்டு நடுவிரல்களுக்கும் இடையில் ஓர் எலுமிச்சம்பழம் போகும் அளவுக்கு இடைவெளி விழுந்திருப்பதைக் கண்டாள். கைதான் சுருங்கிவிட்டது என்று நினைத்தாள். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு எது வேண்டுமானாலும் சுருங்கும் என்பதால் அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. அடுத்த வாரம் அதே இடைவெளியில் ஒரு மாதுளம்பழம் போகும்போல இருந்தது. அப்படியானால் வளர்வது அடுப்பின் வயிறுதான் என்று தெரிந்துகொண்டு, உள்ளே போய் ராத்திரிச் சோற்றுக்கு உலை வைத்தாள்.

அது இந்த ஊர் அடுப்பு இல்லை. மெக்சிகோ என்றொரு தேசத்தில், பானைபோல உருண்ட வயிறும், வயிற்றிலேயே விறகு வைக்க ஒரு வாயும், மேலே புகை போக நீளமான கழுத்துமாக மண்ணில் செய்து, சோறு பொங்குவதற்கு இல்லாமல் சும்மா சுற்றி உட்கார்ந்து குளிர் காய்வதற்கென்றே தோட்டத்தில் வைத்துக்கொள்வார்களாம். பக்கத்துப் பங்களாவில் வாடகைக்கு இருந்த மாலினி மேடம் சொன்னது. குருவம்மாள் அந்த வீட்டில் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். "நாலு பேர் சுத்தி உட்கார்ந்து பேசுறதுக்குத்தான் வாங்கினேன், குருவம்மா" என்பாள் மேடம். அந்த நாலு பேர் கடைசிவரை வரவில்லை. வீட்டைக் காலிசெய்த அன்று லாரிக்காரர், கொண்டைஊசி வளைவில் உடைந்தால் என்னைக் கேட்காதீர்கள் என்று அதை ஏற்ற மறுத்துவிட, மேடம் குருவம்மாளிடமே விட்டுவிட்டாள். "எடுத்த எடுப்புல பெரிய தீ வச்சிடாதே. சின்னச் சின்னத் தீயா வச்சு மண்ணைப் பழக்கணும். இல்லேன்னா வெடிச்சிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு அவர்கள் தேசத்துப் பெயர் ஏதோ இருந்தது. அது யார் வாயிலும் நிற்கவில்லை. சீமையிலிருந்து வந்தவள்தானே என்று ஊர் அவளுக்குச் சீமைநாயகி என்று பெயர் வைத்தது.

குருவம்மாளின் புருஷன் சன்னாசி, ஏலக்காய்த் தோட்ட வேலைக்கென்று கேரளப் பக்கம் போனவன். பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்தார்களோ என்னவோ, போனவன் போனவன்தான். செத்தான் என்றும் சேதி இல்லை, இருக்கிறான் என்றும் சேதி இல்லை. கழுத்தில் தாலி இருந்தது, தாலிக்கு ஆள் இல்லை. பேரிக்காட்டுப் பெண்கள் பொல்லாதவர்கள் இல்லை. ஒரு கல்யாணத்துக்கோ வளைகாப்புக்கோ அவளை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சுமங்கலி வரிசையில் வைத்து, அவன் செத்திருந்தால்? தாலி அறுத்தவர்களோடு வைத்து, அவன் இருந்தால்? போதாததற்குப் பிள்ளையும் இல்லை. ஆகவே கூப்பிடாமலே விட்டார்கள். விசேஷம் முடிந்த மறுநாள் தூக்குச்சட்டியில் சாப்பாடு மட்டும் தவறாமல் வந்துவிடும். அதைச் சாப்பிடும்போதெல்லாம் குருவம்மாளுக்கு அழுகை வரும். சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதால் அழுதுகொண்டே சாப்பிட்டும் முடிப்பாள்.

மற்றபடி அவளுக்குச் சாயங்காலம் என்றால் சீமைநாயகிதான். பேரிமரத்துச் சுள்ளிகளை வாயில் வைத்துக் கொளுத்திவிட்டு முன்னால் உட்காருவாள். நாலு பக்கமும் சூடு வீசுகிற அடுப்பில் அவளுக்கு ஒரு பக்கம் போதும். மற்ற மூன்று பக்கத்துச் சூடும் வீணாக மரங்களுக்குப் போனது.

புரட்டாசியில் ஒருநாள் சொர்ணத்தாய் கோழியைத் தேடிக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தாள். பஸ் நிற்கும் இடத்தில் இட்லிக் கடை போட்டிருப்பவள், நாலு பெற்றவள், அவள் கை படாமல் அந்த ஊரில் ஒரு தொட்டில் கட்டியதில்லை. கோழியைக் கேட்க வாயெடுத்தவள் அடுப்பைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றாள். முன்னால் ஒருதரம், பக்கவாட்டில் ஒருதரம் பார்த்தாள்.

"ஏ குருவு, இவளுக்கு எத்தன மாசம்?"

"வைகாசியில இருந்து வளருது மதினி."

"அப்ப அஞ்சாச்சு. சாம்பல் தங்குதா?"

"எங்க தங்குது? காலைல அள்ளப் போனா ஒரு கையளவு இருக்க மாட்டேங்குது."

"எப்படித் தங்கும்? மசக்கைக்காரிக்குச் சாம்பல்னா உசுரு. மூத்தவன உண்டாயிருந்தப்ப நான் அடுப்படிச் சாம்பல முந்தியில முடிஞ்சு வச்சுத் தின்னவடி." சொர்ணத்தாய் குரலைத் தாழ்த்தினாள். "வெளிய யார்ட்டயும் மூச்சு விடாத. கண்ணு பட்ரும்."

குருவம்மாள் மூச்சு விடவில்லை. சொர்ணத்தாய் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து வரத் தொடங்கினார்கள். மத்தியானச் சோறு முடிந்து பாத்திரம் கழுவிப்போட்ட ஈரக்கையோடு, புளிச்சோறும் மாங்காய்த் துண்டும் விளாம்பழமும் எடுத்துக்கொண்டு, கல்யாணமாகி வந்த புதுப்பெண் ஜெயக்கொடி முதல் பஞ்சாயத்துக் குழாய் திறந்துவிடுகிறவரின் மனைவி வரைக்கும் வந்தார்கள். கொண்டுவந்ததைச் சீமைநாயகியின் வாயில் வைத்தார்கள். மறுநாள் காலையில் வாய் காலியாக இருக்கும். அணில் தின்றதா என்று யாரும் கேட்கவில்லை, அப்படிக் கேட்பது மரியாதையும் இல்லை. சுகாதார நிலையத்து நர்ஸம்மா டேப்பைச் சுற்றி அளந்து பார்த்து, வயிற்றின் வளர்த்தி சரியாக இருக்கிறது, எதற்கும் இருக்கட்டும் என்று இரும்புச்சத்து மாத்திரை ஒரு அட்டை கொடுத்துவிட்டுப் போனாள். டீக்கடையில் ஆம்பிளைகள் மட்டும், அதெல்லாம் சரி, அப்பன் யாரு என்று கேட்டுச் சிரித்தார்கள். சொர்ணத்தாய் கடையிலிருந்தே கத்தினாள்: "வயித்துல வந்தப்புறம் அப்பன் யாருன்னு கேக்குறதெல்லாம் ஆம்பளப் புத்தி. போயி வேலயப் பாருங்கடா." அதற்குப்பின் யாரும் கேட்கவில்லை.

தாய்வீடு எது என்பதில்தான் கொஞ்சம் இழுபறி நடந்தது. முறைப்படி வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். இவளுக்குத் தாய்வீடு மெக்சிகோ. அதற்கு வத்தலக்குண்டிலிருந்து பஸ் கிடையாது. ஆகவே வளைகாப்பும் பேறும் குருவம்மாள் தோட்டத்திலேயே என்று முடிவாயிற்று. குருவம்மாளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் வேண்டாம் என்றா சொல்லியிருப்பாள்?

அன்று எல்லோரும் எழுந்து போகிற நேரம் குளிர ஆரம்பித்தது. குருவம்மாள் சுள்ளி அடுக்கித் தீப்பெட்டியை எடுத்தாள். சொர்ணத்தாய் பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள்.

"அடியே, என்ன காரியம் பண்ற? வாயும் வயிறுமா இருக்கவ வயித்துல தீய வைக்கவா போற?"

"குளிருது மதினி. அவளுக்கும் இது பழக்கம்தான்."

"குளிர்னா நீ கம்பளி போத்திக்க. பேறு முடியிற வரைக்கும் இவ வயித்துல ஒரு பொறி படக் கூடாது. பட்டுச்சு, இந்த வாசப்படிய எவளும் மிதிக்க மாட்டா, பாத்துக்க."

குருவம்மாள் தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அதற்குப் பின் அவள் வாழ்க்கையில் நல்ல காலம் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக ஒற்றை டம்ளர் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தவள் இப்போது டம்ளர் போதாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினாள். வாங்க மதினி என்றாள், உக்காரு தாயி என்றாள், இன்னும் ஒரு வாய் காப்பி ஊத்தட்டுமா என்றாள், அதுக்குள்ளயா கெளம்புறீங்க என்றாள். இந்த வார்த்தைகளெல்லாம் தன் வாயில் இத்தனை நாளும் எங்கே இருந்தன என்று அவளுக்கே தெரியவில்லை. அவர்கள் அவளைப் பார்க்க வரவில்லை, அடுப்பைப் பார்க்க வந்தார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அடுப்பைப் பார்க்கிறவர்கள் நடுவில் இவளையும் பார்க்கத்தானே வேண்டியிருந்தது. சாமிக்கு ஏற்றிய விளக்கில் பூசாரிக்கும் வெளிச்சம் கிடைக்கிறதில்லையா, அப்படி.

ஐப்பசியில் மழை பிடித்தது. சொர்ணத்தாயின் மூத்தவன் வந்து நாலு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டிக்கொடுத்தான். மழையைத் தடுக்கலாம், மலையில் மேகமே தோட்டத்துக்குள் நடந்துவருவதை யார் தடுப்பது? ஒருநாள் காலையில் வயிற்றில் முத்து முத்தாக நின்ற நீரைக் குருவம்மாள் துணியால் ஒற்றினாள். துணி சிவப்பாக வந்தது. பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் நகம் மறைகிறவரை உள்ளே போயிற்று.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. முன்பெல்லாம் அன்றன்றைக்கு வளர்ந்த மண்ணை அன்றன்றைக்குச் சாயங்காலத் தீ சுட்டுக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தது. தீ நின்ற நாளிலிருந்து வளர்ந்ததெல்லாம் வேகாத மண். சீமைநாயகிக்குப் பசி புளிச்சோற்றுக்கு இல்லை, தீக்கு. இப்படியே விட்டால் ஒரு பெருமழைக்கு அவள் கரைந்து, வயிறும் வயிற்றில் இருப்பதும் பேரிமரத்து வேரோடு போய்விடும். இன்றைக்கே சின்னத் தீயாக வைக்க ஆரம்பித்தால் பிழைத்துக்கொள்வாள்.

சுள்ளி பொறுக்கினாள். வாயருகே கொண்டுபோனாள். அப்போது வாசல் பக்கம் ஜெயக்கொடியின் சிரிப்பும் பின்னாலேயே நாலைந்து குரல்களும் கேட்டன. குருவம்மாள் சுள்ளிகளை மரத்துக்குப் பின்னால் எறிந்துவிட்டு, ஈர விரலால் அந்தப் பெருவிரல் பள்ளத்தைத் தடவி மூடினாள். இன்று ஒருநாள் போகட்டும் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படித்தான் நினைத்தாள். அதற்கு மறுநாளும்.

"யக்கா, இங்க பாருங்களேன், வயிறு மெத்துன்னு இருக்கு" என்றாள் ஜெயக்கொடி ஒருநாள்.

"சூலி வயிறு மெத்துன்னுதாண்டி இருக்கும். உனக்கு வரும்போது தெரியும்" என்றாள் சொர்ணத்தாய், எல்லோரும் சிரித்தார்கள். குருவம்மாளும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய், காப்பித் தண்ணீர் கொதிக்கிற சத்தத்துக்கு நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பெற்ற தாய் இப்படிச் செய்வாளா என்று தன்னையே கேட்டாள். நான் பெற்றவள் இல்லையே என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். அந்தப் பதில் அவளுக்கே பிடிக்கவில்லை.

கார்த்திகையில், ஏழாம் மாதத்தில் நாள் குறித்தார்கள். குறித்த பிறகு, குருவம்மாள் சந்தனம் பூசலாமா கூடாதா என்ற பேச்சு வந்தது. சொர்ணத்தாய் ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, காலையில் இட்லி ஊற்றும்போது தீர்ப்புச் சொன்னாள்: "கடைசியாப் பூசட்டும். அவ வீடு, அவ தோட்டம். அவ கொடுத்த காப்பிய இத்தன நாளு குடிச்சிருக்கோம்." சேதி வந்தபோது குருவம்மாள் மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள். அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எரிச்சலோடு எரிச்சலாக அழுது தீர்த்தாள்.

வளைகாப்பு அன்று காலையிலேயே வானம் கறுத்துத் தாழ்ந்து மரங்களின் மேல் உட்கார்ந்திருந்தது. கிழக்கே இடித்தது. மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். கழுத்துக்கு எந்த வளையலும் ஏறாது என்பதால், கண்ணாடி வளையல்களை நூலில் கோத்து மாலையாகப் போட்டார்கள். வேப்பிலைக் காப்புக் கட்டினார்கள். கலவைச் சாதங்களை இலையில் வைத்தார்கள். கன்னமும் கையும் இல்லாத சூலிக்குச் சந்தனத்தை எங்கே பூசுவது? வயிற்றிலேயே பூசலாம் என்றாள் சொர்ணத்தாய். முதல் ஆளாக உள்ளங்கை நிறையச் சந்தனம் எடுத்து, கண்ணை மூடி, சுகமாப் பெத்துப் பொழைக்கணும் தாயி என்று சொல்லி அழுத்திவிட்டாள். பின்னால் வரிசை. நர்ஸம்மா, குழாய்க்காரர் மனைவி, ஜெயக்கொடி, ஒவ்வொருத்தியாக வந்து வாழ்த்தி அழுத்தினார்கள். ஒவ்வொரு கையும் உள்ளே கொஞ்சம் போய் வந்தது. எவ்வளவு மிருது என்று அவர்கள் பூரித்தார்கள். அடிவயிற்றில் ஒரு சின்ன விரிசல் ஓடி, அதிலிருந்து ஒரு துளி சேறு இலையில் விழுந்ததைக் குருவம்மாள் ஒருத்திதான் பார்த்தாள்.

"குருவு, வா. ஒன் முறை" என்றாள் சொர்ணத்தாய்.

வாழ்நாளெல்லாம் காத்திருந்தது அந்த வார்த்தைக்குத்தான். அந்த வரிசையில், அத்தனை பேர் முன்னால், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். முதல் மழைத்துளி தார்ப்பாயில் விழுந்தது. குருவம்மாள் கிண்ணத்தை வாங்கவில்லை. மரத்துக்குப் பின்னால் போய்க் காய்ந்ததாகப் பார்த்து ஒரு பிடி சுள்ளி எடுத்துவந்தாள், ஆரத்தித் தட்டில் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தை விரலாலேயே எடுத்தாள், சீமைநாயகியின் வாயில் வைத்துத் தீயை ஊதினாள்.

பெண்கள் அலறினார்கள். சொர்ணத்தாய் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். "பாவி, என்னடி பண்ற?"

"இவ பச்ச மண்ணு மதினி. வேகாத மண்ணு. இந்த மழைக்குக் கரஞ்சு போயிருவா. தீ வேணும் இவளுக்கு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஐப்பசியிலயே தெரியும்."

"தெரிஞ்சு ஏண்டி சொல்லல?"

குருவம்மாள் ஊதுவதை நிறுத்தினாள். பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது, பொய் சொல்லவும் ஒரு ஆள் எதிரில் வேண்டுமே.

"சொன்னா தீ வைக்கணும். தீ வச்சா நீங்கள்லாம் வர மாட்டீங்க."

மழை கனத்தது. சொர்ணத்தாயின் முகத்தில் கோபம் வந்து, போய், அதைவிட மோசமான ஒன்று வந்தது.

"நாங்க வந்து காப்பி குடிக்கிறதுக்காகவா ஒரு சூலியப் பட்டினி போட்ட?" என்றாள் மெதுவாக. பிறகு தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நடந்தாள். ஒவ்வொருத்தியாகப் பின்னால் போனார்கள். ஜெயக்கொடி மட்டும் வாசலில் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடவும் அவளும் போனாள். சாதமெல்லாம் இலையிலேயே இருந்தது.

குருவம்மாள் சுள்ளி சுள்ளியாக வைத்தாள். அவசரப்பட்டால் ஈர மண் வெடிக்கும், தயங்கினால் கரையும். மண்ணுக்குத் தீயைக் கொஞ்சம் கொஞ்சமாக, பாலாடையில் புகட்டுவதுபோலப் புகட்டினாள். வயிறு முதலில் வேர்த்தது, பிறகு ஆவி விட்டது, பிறகு மெல்ல நிறம் மாறியது. விரிசல் அடிவயிற்றோடு நின்றுகொண்டது. கார்த்திகை முழுக்க மழை பெய்தது, மார்கழியில் பனி பெய்தது, அவள் தீயை அணையவிடவில்லை. என்னை மன்னிச்சிரு தாயி என்று ஒவ்வொரு சுள்ளிக்கும் சொன்னாள்.

சீமைநாயகி பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குமேல் வளரவில்லை. மாதம் நிறைந்தது, நிறைந்து கடந்தும் போனது. பெறவும் இல்லை, வயிறு வாடவும் இல்லை, நிறைசூலியாக அப்படியே நின்றாள். ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. சிலருக்கு அப்படித்தான் தங்கிவிடும், யாரைச் சொல்லி என்ன என்றார்கள். தோட்டத்தைத் தாண்டிப் போகும்போது சத்தமில்லாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையை எட்டிப்போட்டார்கள். சித்திரையில் ஜெயக்கொடிக்கு வளைகாப்பு நடந்தது. குருவம்மாளைக் கூப்பிடவில்லை. இந்தமுறை வரிசை தெரியாமல் இல்லை, தெரிந்துதான் கூப்பிடவில்லை.

வயிற்றில் பூசிய சந்தனம் தீயில் எப்போதோ போய்விட்டது. சந்தனம் பூசிய கைகள் போகவில்லை. ஐந்து விரலும் உள்ளங்கையுமாக, ரேகைகூட அழியாமல், வரிசை வந்த அத்தனை பெண்களும் அழுத்திய அழுத்தம் வெந்து கல்லாகி நின்றது. அவள் கை மட்டும்தான் அதில் இல்லை. சாயங்காலம் தீ மூட்டினால், அழுந்திய இடத்தில் மண் மெலிவு என்பதால் முதலில் அந்தக் கைகள்தான் சூடாகும். குருவம்மாள் ஒவ்வொன்றாகத் தன் கையை வைத்துப் பார்ப்பாள். ஜெயக்கொடியின் கை அவளுக்குச் சிறிது, விரல் உள்ளே போகாது. நர்ஸம்மாவின் கை சரியாக இருக்கும். சொர்ணத்தாயின் கை எல்லாவற்றையும்விடப் பெரியது, ஆழமானது, மனசாரப் பூசியவள் அவள். அதற்குள் குருவம்மாளின் கை முழுசாக அடங்கிவிடும். அடங்கியதும், "வாங்க மதினி" என்பாள். சூடு பொறுக்க முடியாமல் போகிறவரை கையை எடுக்க மாட்டாள்.